ஹெர்ஃபோர்ட் பக்கம் கிராமத்தில் வீடு: குடும்பத்தோடு போகலாமா?

ஈரோடு_கார்த்தி

எல்லோருக்கும் வணக்கம். மனைவிக்கு இங்கிலாந்தின் மேற்கே ஹெர்ஃபோர்டில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் லெஸ்டரைக் காலி செய்ய வேண்டும். எனக்கு சாஃப்ட்வேர் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்துதான். பையன் இயர் 6 (பிரைமரியில் கடைசி வகுப்பு), பெண்ணுக்கு 7 வயது. போன வாரம் வாடகை வீடு பார்க்கப் போனோம். டவுனுக்குள் பார்த்ததெல்லாம் வரிசையாக ஒட்டிக் கட்டிய இருட்டான டெரஸ் வீடுகள். அப்புறம் ஏஜென்ட் மேற்கே கோல்டன் வேலிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனார். கல் வீடு, பின்னால் ஆப்பிள் மரங்கள், எதிரே மலை. மனைவி அங்கேயே முடிவு செய்துவிட்டாள். எனக்குத்தான் உதறல்.

ஊரில் ஒரு கடை, ஒரு பப், ஒரு ஹால், ஒரு சர்ச். தெருவிளக்கு ஒன்றுகூட இல்லை. கேஸ் லைன் கிடையாதாம், வீட்டைச் சூடாக்க ஆயில் டேங்க்தான். கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி) பில்லில் 'பாரிஷ்' என்று தனியாக ஒரு தொகை வேறு இருக்கிறது. அது சர்ச்சுக்குப் போகிற பணமா, இல்லை நம்ம ஊராட்சி மாதிரி ஏதாவதா?

நான் டவுனிலேயே வளர்ந்தவன். இன்டர்நெட், பள்ளிக்கூடம், டாக்டர், பஸ் எல்லாம் அங்கே எப்படி? ஊரிலேயே நாங்கள் ஒரு குடும்பம்தான் இந்தியர்களாக இருப்போம் போல. ஏதாவது பிரச்சினை என்றால் யாரிடம் போய் நிற்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மிட்லண்ட்ஸ்_மணி

பாஸ், போகாதீர்கள். நாங்கள் வூஸ்டர்ஷயரில் ஒரு கிராமத்தில் இருந்துவிட்டு டவுனுக்கே திரும்பி வந்தவர்கள். மனிதர்கள் நல்லவர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதற்கெடுத்தாலும் கார். பையனுக்கு நண்பன் வீட்டுக்குப் போக வேண்டுமா, கார். கொத்தமல்லி தீர்ந்ததா, கார். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அந்த இருட்டில் ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்தில் சாலை, எதிரே டிராக்டர். ரிவர்ஸ் எடுத்தே கழுத்து வலி வந்துவிட்டது.

முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் பிரிட்டிஷ் லைசென்ஸ் இருக்கிறதா? இந்திய லைசென்ஸை வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குப் பிறகு தியரி, பிராக்டிகல் இரண்டையும் இங்கே எழுதி, ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும். மனைவி நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற நேரத்துக்கு எந்தக் கிராமத்துக்கும் பஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லையென்றால் ஆப்பிள் மரத்தை மறந்துவிடுங்கள்.

தோட்டக்காரி

கார்த்தி தம்பி, லைசென்ஸ் விஷயத்தில் மணி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மற்றவற்றில் என் அனுபவம் வேறு. நானும் ஹெர்ஃபோர்ட்ஷயர்தான், நீங்கள் பார்த்த இடத்திலிருந்து அதிக தூரமில்லை. ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் ஊரில் கிரீன்ஹவுஸில் கத்தரி நாற்று விடுகிற ஆள் நான் ஒருத்திதான், ஊரைச் சொன்னால் வீட்டு எண்ணையும் சொன்ன மாதிரி ஆகிவிடும். பாரிஷ் கவுன்சிலிலும் இருக்கிறேன். அதனால் அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அந்தப் பணம் சர்ச்சுக்குப் போவதில்லை. முன்பு ஊர் நிர்வாகமும் சர்ச் கையில்தான் இருந்தது. 1894-இல் வந்த சட்டம்தான் நிர்வாகத்தைத் தனியாகப் பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில்களிடம் கொடுத்தது. இங்கிலாந்தில் இப்போது ஏறத்தாழ 10,000 பாரிஷ், டவுன் கவுன்சில்கள் இருக்கின்றன. ஊராட்சி என்று நினைத்துக்கொண்டு போனால் பாதிதான் பொருந்தும். மேலிருந்து வழக்கமான மானியம் என்று எதுவும் வராது. வருகிற ஆண்டுக்கு எவ்வளவு தேவை என்று குளிர்காலத்தில் உட்கார்ந்து நாங்களே கணக்குப் போட்டு, ஊர் வீடுகள் மேல் வரியாகப் பிரித்துப் போடுகிறோம். அதன் பெயர் ப்ரிசெப்ட். உங்கள் பில்லில் பார்த்தது அதுதான். ஹெர்ஃபோர்ட்ஷயர் கவுன்சில் அதை வசூலித்து எங்களிடம் கொடுத்துவிடும்.

சாலை, பள்ளி, குப்பை, முதியோர் பராமரிப்பு, கட்டட அனுமதி எல்லாம் அந்தப் பெரிய கவுன்சிலின் வேலை. எங்களிடம் இருப்பது விளையாட்டுத் திடல், இடுகாடு, பஸ் நிழற்குடை, பெஞ்சுகள், புல் வெட்டுவது, இந்த மாதிரி. கவுன்சிலர்களுக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் கிளார்க், அவரும் பகுதி நேரம்தான். எங்கள் கிளார்க்கம்மாவுக்கு வேறு ஊர்களும் இருக்கின்றன.

கேட்கும்போது அற்ப விஷயமாகத்தான் தெரியும். ஒரு ஜனவரிக் கூட்டத்தைச் சொல்கிறேன், எப்படி நடக்கிறது என்று புரியும். இடம் வில்லேஜ் ஹால். ஹீட்டர் போட்டு அரை மணி நேரமானாலும் கோட்டைக் கழற்ற முடியாது. விளையாட்டுத் திடலை ஆண்டுக்கு ஒரு முறை வெளியாள் ஒருவர் வந்து சோதித்து அறிக்கை தர வேண்டும். ஊஞ்சலுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தரை பெயர்ந்துவிட்டது, அபாயம் என்று அவர் எழுதியிருந்தார். மாற்றினால் ப்ரிசெப்ட் கூடும், சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு நாலு பவுண்டு சொச்சம். அந்த நாலு பவுண்டுக்கு முக்கால் மணி நேரம் விவாதம்! ஓய்வுபெற்ற விவசாயி ஒருவர், "என் பிள்ளைகள் நாலு பேரும் வெறும் மண்ணில் விழுந்துதான் வளர்ந்தார்கள்" என்றார். கிளார்க் இன்ஷூரன்ஸ் காகிதத்தை எடுத்து நிதானமாக ஒரு வரியை வாசித்தார். அறிக்கையில் அபாயம் என்று எழுதியிருப்பது தெரிந்தும் விட்டுவைத்தால் பொறுப்பு எங்கள் தலையில். சரி, மாற்றுவோம், அதற்குப் பதில் இடுகாட்டு வேலிக்குப் பெயிண்ட் அடிப்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவோம் என்று முடிந்தது. வேலிக்கு ஆதரவாகப் பேசியவர் மறுநாள் கடையில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிராம அரசியல் எங்கேயும் கிராம அரசியல்தான்.

இன்னொன்று, எங்கள் சிவப்பு டெலிபோன் பெட்டி. பிடி டெலிபோன் நிறுவனம் 2008-இல் ஆரம்பித்த திட்டத்தில், உபயோகமில்லாத பெட்டியை ஊரே ஒரு பவுண்டுக்கு வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் வாங்கி உள்ளே டிஃபிப்ரிலேட்டர், அதாவது இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற கருவி, வைத்திருக்கிறோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் விழுந்தால் அவசர எண் 999-ஐக் கூப்பிட வேண்டும், எதிர்முனையில் இருப்பவர் பெட்டியின் பூட்டு எண்ணைச் சொல்லுவார். ஆம்புலன்ஸ் டவுனிலிருந்து வர நேரமாகும் இடத்தில் இது உயிர்நாடி. ஆனால் அது சும்மா நின்றால் போதாது. பேட்டரி தீரும், நெஞ்சில் ஒட்டுகிற பேட்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. யாராவது போய்ப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துப் பதிய வேண்டும். எங்கள் ஊரில் அந்த யாராவது என் வீட்டுக்காரர். இங்கே எந்த வசதியைச் சுரண்டிப் பார்த்தாலும் உள்ளே இப்படி ஒரு ஆள் இருப்பார். அவர் ஊரைவிட்டுப் போனால் வசதியும் போய்விடும். டவுனில் வரி கட்டினால் வேலை நடக்கும். இங்கே வரியும் கட்டி, ஆளாகவும் போய் நிற்க வேண்டும். அது ஒத்துவராது என்றால் மணி சொன்னபடி டவுனிலேயே இருந்துவிடுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

லெங்த்ஸ்மேன் என்று ஒரு வேலை இருக்கிறது. ஹெர்ஃபோர்ட்ஷயர் பாரிஷ்கள் பலவற்றில் பார்க்கலாம். சாலையோர வாய்க்காலைச் சுத்தம் செய்வது, அடைத்த வடிகாலைத் திறப்பது, வழிகாட்டிப் பலகையை மறைக்கிற கிளையை வெட்டுவது எல்லாம் அவர்தான். மழைக்காலத்தில் எங்களுக்குக் கவுன்சில் தலைவரைவிட அவர்தான் முக்கியம். அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள், டீ கொடுங்கள்.

எங்களால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் முதலில் கோபித்துக்கொள்வது இதற்குத்தான். கிராமத்து வேகத்தை 30 மைலிலிருந்து 20 ஆக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. உங்கள் வேகத்தைக் காட்டி முகம் சுளிக்கிற மின்பலகையை வாங்கி வைக்கலாம், அவ்வளவுதான். பக்கத்து வயலில் கட்டடம் வருகிறது என்றால் எங்கள் கருத்தைக் கேட்பார்கள், முடிவு எங்களுடையதல்ல. கருத்துச் சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. "என் வீட்டு விலை குறையும்", "மலை மறையும்" என்பதெல்லாம் செல்லாது. சாலைப் பாதுகாப்பு, வெள்ளம், வடிகால், பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் பார்வை விழுவது, இவை செல்லும். நான் முதன்முதலில் கூட்டத்துக்குப் போனதே கோழிப்பண்ணை விண்ணப்பம் ஒன்றுக்காக. இந்த மாவட்டத்தில் கோழி பெரிய தொழில், அதன் எரு மண்ணில் சேர்ந்து பாஸ்பரஸாக ஆற்றுக்குப் போகிறது. வை ஆற்றின் நிலை மோசமாகிக்கொண்டே போகிறது என்று அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து 2023-இல் அறிவித்தது. ஹாலில் ஒரு பக்கம் ஆற்றில் மீன் பிடிக்கிறவர்கள், மறுபக்கம் அந்தப் பண்ணையை நம்பிப் பிழைக்கிறவர்கள். இரண்டு பக்கமும் எனக்கு முட்டை தருகிறவர்கள்தான்.

கவுன்சிலுக்குள் எப்படி வந்தேன் என்றால், தொடர்ந்து போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்ததால்தான். ஒரு இடம் காலியானது. பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் தேர்தல் நடத்த வேண்டும், யாரும் கேட்கவில்லை. அப்படியென்றால் மற்ற கவுன்சிலர்களே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டார்கள். பல கிராமங்களில் போட்டியே இருக்காது, நாற்காலிதான் ஆளைத் தேடும்.

இப்போது உங்கள் மற்ற கேள்விகள். இன்டர்நெட் பற்றி ஆச்சரியப்படுவீர்கள். இந்தப் பக்கம் பல ஊர்களுக்கு வீடு வரை ஃபைபர் வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வீடு மாறும், கிராமப் பெயரைப் பார்த்து நம்பாமல் அந்த வீட்டின் போஸ்ட்கோடைப் போட்டே பாருங்கள். மொபைல் சிக்னல்தான் மோசம். வைஃபை காலிங் இல்லாத போனோடு வராதீர்கள். பழைய செப்புக்கம்பி லேண்ட்லைன் 2027 ஜனவரியோடு முடிகிறது. அதன் பிறகு மின்சாரம் போனால் ரூட்டரும் போகும், போனும் போகும். இங்கே புயலில் மின்சாரம் போவது அபூர்வமில்லை, பேட்டரி பேக்கப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம்: கிராமத்துப் பிரைமரி சின்னதாக இருக்கும், இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் சேர்த்திருப்பார்கள். என் பெண் அப்படிப் படித்தவள்தான், நன்றாகவே வந்தாள். உங்கள் பையன் விஷயம்தான் அவசரம். செகண்டரிக்கு விண்ணப்பக் கெடு அக்டோபர் 31. தகுதியுள்ள மிக அருகிலுள்ள பள்ளி 8 வயதுக்குக் கீழ் இரண்டு மைலுக்கு மேலும், 8 முதல் 16 வரை மூன்று மைலுக்கு மேலும் இருந்தால் பஸ் இலவசம். நீங்கள் விரும்பி வேறு பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் இலவசம் போய்விடும். 16-க்குப் பிறகு இந்த உரிமை கிடையாது. சிக்ஸ்த் ஃபார்முக்கு ஹெர்ஃபோர்ட் போக வேண்டும், அந்தச் செலவை இப்போதே மனதில் வையுங்கள்.

டாக்டர்: மருந்துக்கடையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளியிருக்கிற கிராமத்தவர்களுக்கு ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கே மருந்து கொடுக்க அனுமதி உண்டு. எங்கள் கிளினிக் அப்படிப்பட்டதுதான், டாக்டரைப் பார்த்துவிட்டு அங்கேயே மாத்திரை வாங்கிக்கொண்டு வரலாம். டவுனில்கூட இந்த வசதி இல்லை. என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) பல் டாக்டர் மட்டும் குதிரைக்கொம்பு. லெஸ்டரில் இருக்கும்போதே எல்லோர் பல்லையும் காட்டிவிட்டு வாருங்கள்.

பஸ்: கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2025 ஜனவரியிலிருந்து ஒரு வழிக்கு 3 பவுண்டு. வண்டி எத்தனை முறை வருகிறது என்பதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பக்கம் ஒன்றுகூட எட்டிப் பார்க்காது.

ஊரிலேயே ஒரே இந்தியக் குடும்பமாக இருப்போம் என்றீர்கள். உற்றுப் பார்ப்பார்கள், உண்மைதான். கெட்ட எண்ணம் என்று நான் எடுத்துக்கொண்டதில்லை, புது நாய்க்குட்டி வந்தாலும் அப்படித்தான் பார்க்கிறார்கள். "உண்மையில் எந்த ஊர்?" என்ற கேள்வி வரும், சில நாள் சலிப்பாக இருக்கும். எனக்கு வழி திறந்தது ஆகஸ்ட் மாதக் கிராமக் கண்காட்சியில். சட்னிப் பிரிவு என்று ஒன்று உண்டு. நம்ம தேங்காய்ச் சட்னி இல்லை, வினிகரும் சர்க்கரையும் போட்டு மாதக்கணக்கில் ஊறவைப்பது. நான் தக்காளித் தொக்கை வைத்தேன். பாட்டில் கழுத்து வரை நிரம்பியிருக்க வேண்டும், மூடியில் கம்பெனிப் பெயர் இருக்கக் கூடாது, லேபிளில் தேதி வேண்டும் என்று விதிகள். தொக்குக்குப் பரிசு கிடைக்கவில்லை, "காரம் தூக்கல்" என்று நடுவர் சீட்டு எழுதி வைத்திருந்தார். ஆனால் சாயங்காலத்துக்குள் பாட்டில் காலி, மூன்று பேர் செய்முறை கேட்டு வந்தார்கள்.

பருத்தித்துறையான்

தங்கச்சி வடிவாக எழுதியிருக்கிறா. நான் நோர்ஃபொக்கில் ஒரு கிராமத்தில் கடையும் போஸ்ட் ஒஃபிஸும் வைத்திருக்கிறேன். முதல் லண்டனில் கடை, பிறகுதான் இங்கே வந்தோம். தம்பி, நீங்கள் ஊரில் ஒரு கடை என்று ஒரு சொல்லில் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

கிராமத்துக் கடை பாணையும் பாலையும் விற்றுத் தப்பாது. விடிய ஐந்து மணிக்குப் பேப்பர் கட்டு வரும், அதைப் பிரித்து வீட்டுக்கு வீடு பெயர் எழுத வேண்டும். பேப்பரில் கிடைப்பது சில்லறை. சனம் உள்ளே வருவது போஸ்ட் ஒஃபிஸுக்குத்தான். பார்சல் அனுப்ப, பென்சன் எடுக்க, இப்போது பாங்க் வேலைக்கும். பக்கத்து டவுனில் பாங்குகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டதால் பப் காரரும் பூக்கடைக்காரரும் அன்றன்று காசை என் கவுண்டரில்தான் கட்டுகிறார்கள். எங்களைப் போன்ற சின்னக் கிளைகளுக்குச் செய்கிற வேலைக்கு ஏற்ற கொமிஷன்தான். ஆள் வராவிட்டால் வருமானமும் இல்லை.

அரசாங்கம் ஒரு உதவி செய்கிறது. 3,000 பேருக்குக் குறைவான ஊரில் ஒரே கடையாகவோ ஒரே போஸ்ட் ஒஃபிஸாகவோ இருந்து, கடைக் கட்டடத்தின் வரி மதிப்பு 8,500 பவுண்டுக்கு மேல் போகாவிட்டால் வியாபார வரி முழுதாகத் தள்ளுபடி. அதுகூட இல்லாவிட்டால் எப்போதோ பூட்டியிருப்பேன். எங்களுக்குப் பக்கத்து ஊரில் பூட்டியே விட்டார்கள். பிறகு ஊர்ச் சனம் பங்கு போட்டுத் தாங்களே திறந்தது. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். இப்படி ஊரே நடத்துகிற கடைகள் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பப்புக்கும் இதே வழி உண்டு. கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற ஊரில் 2003-இல் பப்பைச் சனமே வாங்கியது. 2011 சட்டப்படி ஒரு பப்பையோ கடையையோ ஊருக்குத் தேவையான சொத்து என்று முதலே பதிந்து வைத்தால், விற்க வரும்போது காசு சேர்க்க ஊருக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கும். பதிவுக்கு விண்ணப்பம் போடுவது பெரும்பாலும் பாரிஷ் கவுன்சில்தான். ஆகவே அது ஊஞ்சலோடு நிற்பதில்லை.

உங்கள் பக்கம் ஒரே பெரிய கவுன்சில் என்பதால் லேசு. எங்களுக்கு மேலே இரண்டு அடுக்கு. குப்பைக்கு டிஸ்ட்ரிக்ட், ரோட்டுக்குக் கவுண்டி. கடைக்கு வருகிற சனம் எந்த முறைப்பாடு என்றாலும் என்னிடம்தான் சொல்லும். இரண்டு அடுக்கையும் ஒன்றாக்கப் போவதாக 2024 டிசம்பரில் அரசாங்கம் வெள்ளை அறிக்கை விட்டது. அப்போது பாரிஷுக்கு இன்னும் வேலை கூடும் என்றுதான் எங்கள் ஆட்கள் கதைக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சாமான் எல்லாவற்றையும் சுப்பர்மார்க்கெட் வானில் இறக்கிவிட்டு, உப்புக்கு மட்டும் கடைக்கு வராதேங்கோ.

மிட்லண்ட்ஸ்_மணி

பாரிஷ் கூட்டம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ஹேண்ட்ஃபோர்த்தான். செஷயரில் உள்ள அந்தக் கவுன்சிலின் ஜூம் கூட்டம் 2021 பிப்ரவரியில் இணையம் முழுக்க ஓடியதே. ஜாக்கி வீவர் என்ற அம்மா சத்தம் போட்டவர்களை ஒவ்வொருவராக வெளியேற்ற, "உங்களுக்கு இங்கே அதிகாரம் இல்லை" என்று ஒருவர் கத்துவார். அக்கா, உங்கள் ஹாலிலும் அப்படித்தானா?

ஈரோடு_கார்த்தி

அக்கா, அண்ணா, மணி, மூவருக்கும் நன்றி. மனைவிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். லைசென்ஸ் இருவருக்கும் இருக்கிறது, இங்கேயே எடுத்தது. கார் இன்னொன்று வாங்க வேண்டும்.

இப்போது இரண்டு வீடுகள் கையில் இருக்கின்றன. ஒன்று நான் சொன்னது. கடை, பள்ளி இருக்கிற ஊர், ஆனால் தோட்டம் முடிகிற இடத்தில் சின்ன ஆறு ஓடுகிறது. இன்னொன்று மேட்டில், ஊரைவிட்டு ஒன்றரை மைல் தள்ளி. காட்சி அற்புதம், வாடகையும் குறைவு. அங்கே குழாய்த் தண்ணீர் கிடையாது, போர்வெல். கழிவுக்கு செப்டிக் டேங்க். இரண்டுக்கும் ஆயில்தான். எதை எடுப்பது? பிடித்தால் ஓரிரு வருடத்தில் அங்கேயே வாங்கும் எண்ணமும் இருக்கிறது.

இன்னொரு கேள்வி. நாங்கள் இன்னும் விசாவில்தான் இருக்கிறோம், ஐ.எல்.ஆர். (காலவரையின்றித் தங்கும் அனுமதி) இல்லை. கூட்டத்துக்கெல்லாம் வந்து உட்கார எங்களுக்கு உரிமை உண்டா?

தோட்டக்காரி

மணி, எங்கள் ஹாலில் கத்தல் கிடையாது. பெருமூச்சுதான் ஆயுதம். ஒருவர் பெருமூச்சு விட்டால் தீர்மானம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

கார்த்தி, முதலில் உரிமை விஷயம். கூட்டத்தில் உட்கார யாருடைய அனுமதியும் வேண்டாம், 1960 சட்டப்படி பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்தது. மூன்று முழு நாள் முன்னதாக அஜெண்டாவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பொதுமக்கள் பேசக் கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள், அப்போது பேசலாம். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில் அன்றைக்கு முடிவெடுக்க முடியாது, எனவே ஏதாவது வேண்டுமென்றால் கிளார்க்குக்கு முன்கூட்டியே எழுதுங்கள். ஃபேஸ்புக்கில் கொட்டித் தீர்ப்பதால் ஒன்றும் நடக்காது.

அப்புறம், நீங்கள் காமன்வெல்த் குடிமக்கள். விசாவில் இருந்தாலும் இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் இங்கே ஓட்டு உண்டு, பாரிஷிலிருந்து பார்லிமென்ட் வரை. நம்மவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. வீடு மாறியதும் புது முகவரியில் பதியுங்கள். ஓட்டுச்சாவடியில் போட்டோ அடையாளம் கேட்பார்கள், இந்தியப் பாஸ்போர்ட் செல்லும். கவுன்சிலராக நிற்பதற்குத்தான் ஐ.எல்.ஆர். வேண்டும். மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் நடுவில் ஆண்டுக்கு ஒரு முறை பாரிஷ் மீட்டிங் என்று தனியாக ஒன்று நடக்கும். அது கவுன்சிலின் கூட்டம் அல்ல, வாக்காளர்களின் கூட்டம். ஆறு வாக்காளர்கள் சேர்ந்தால் அதைத் தாங்களாகவே கூட்டவும் முடியும்.

வீட்டுக்கு வருவோம். கீழே உள்ள வீட்டுப் பக்கம் ஓடுவது கோல்டன் வேலியின் டோர் ஆறாக இருந்தால், சின்ன ஆறு என்று அலட்சியம் வேண்டாம். 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயலின்போது ஹெர்ஃபோர்டில் வை ஆறு 6.11 மீட்டர் வரை ஏறியது, அதுவரை பதிவான எல்லாவற்றையும் தாண்டி. அரசு வெள்ள வரைபடத்தில் ஆற்று வெள்ளம், தரைமேல் ஓடும் மழைவெள்ளம் என்று தனித்தனியாகக் காட்டுவார்கள். இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. மலையடிவாரத்தில் அதுதான் வீட்டுக்குள் வரும். வரைபடத்தைவிட நான் நம்புவது பாரிஷ் கவுன்சிலின் மினிட்ஸை, அதாவது கூட்டக் குறிப்புகளை. கடந்த நாலைந்து ஆண்டு மினிட்ஸ் இணையதளத்தில் இருக்கும், அக்டோபர் முதல் பிப்ரவரி வரையுள்ளதை மட்டும் படியுங்கள். எந்த வீட்டுப் பக்கம் வடிகால் அடைத்தது, எந்தச் சாலையில் தண்ணீர் நின்றது, யார் மணல் மூட்டை கேட்டார் எல்லாம் அதில் இருக்கும். எந்த ஏஜென்டும் சொல்லாதது. பஸ்ஸை நிறுத்தப் போகிறார்களா, பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்களா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். வெள்ள ஆபத்துள்ள வீட்டை வாங்குகிறபோது ஃப்ளட் ரீ என்ற திட்டத்தால் இன்ஷூரன்ஸ் கட்டுப்படியாகும், ஆனால் 2009 ஜனவரி 1-க்குப் பிறகு கட்டிய வீட்டுக்கு அது இல்லை.

மேட்டு வீடு பற்றி. போர்வெல் தண்ணீரைச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள், புற ஊதா விளக்கு வடிகட்டி இருந்தால் அதை யார் பராமரிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். செப்டிக் டேங்கிலிருந்து கழிவு நேராக ஓடைக்குப் போகக் கூடாது, 2020 ஜனவரியிலிருந்து அது சட்ட விரோதம். வாடகைக்கு என்றால் வீட்டுக்காரர் தலைவலி, வாங்கினால் உங்கள் தலைவலி. நம் சமையல் எண்ணெயை சிங்க்கில் ஊற்றவே கூடாது. மின்சாரம் போனால் போர்வெல் மோட்டாரும் நிற்கும், குளிரில் தண்ணீரும் இல்லாமல் போகும். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற மனைவி ஐஸ் பிடித்த ஏற்றத்தில் காரை ஏற்ற வேண்டும். உப்புத் தூவுகிற லாரி முக்கிய சாலைகளுக்குத்தான் போகும்.

ஆகவே என் ஓட்டு கீழே உள்ள ஊருக்கு, அந்த வீட்டுக்கு அல்ல. அதே ஊரில் ஆற்றைவிட்டுத் தள்ளி, பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் வேறு வீடு வரும் வரை டவுனில் ஆறு மாதம் அந்த டெரஸ் வீட்டில் இருங்கள். சனிக்கிழமைகளில் போய் அண்ணன் சொன்ன மாதிரி அந்தக் கடையில் சாமான் வாங்குங்கள், வாடகைக்கு வரப்போகிற வீடு போர்டு வைப்பதற்கு முன்னாலேயே உங்கள் காதுக்கு வந்துவிடும். கோவிலுக்கு என்றால் டிவிடேல் பாலாஜி கோவிலுக்குக் காரில் போய்விட்டு அன்றே வரலாம். நாங்கள் வருஷத்துக்கு ஒரு முறை வேல்ஸில் ஸ்கந்தவேல் ஆசிரமத்துக்கும் போவோம், அங்கே முருகன் காட்டுக்கு நடுவில் இருக்கிறார்.

ஆயில் பற்றிச் சொல்ல மறந்துவிடப் பார்த்தேன். கேஸ், கரண்ட் மாதிரி இதற்கு ஆஃப்ஜெம் என்ற எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பின் விலை உச்சவரம்பு கிடையாது, சந்தை ஏறினால் அதுவும் ஏறும். பெரும்பாலும் 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவர மாட்டார்கள். ஊரில் ஆயில் சிண்டிகேட் இருக்கும், பலர் சேர்ந்து ஒரே நாளில் ஆர்டர் போட்டால் விலை குறையும், அதில் சேருங்கள். கோடையிலேயே நிரப்பிவிடுங்கள். குடிபோகும் அன்று டேங்க் அளவைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் லாரி அந்தச் சந்துக்குள் நுழையுமா என்று ஏஜென்டிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.